நம் முகங்களை வரைய: முகச்சித்திரம் பழகத் தொடங்குவோருக்கு

மரக்கிளை ஒன்றை ஓர் அங்குலம் தள்ளி வரைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கண்ணை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வரைந்தால், "இது யாரு?" என்று வீட்டுக் குழந்தைகூடக் கேட்கும். ஓவியர்களை முகம் இழுத்துப் பிடித்து வைத்திருப்பதற்கு இந்தக் கண்டிப்பு ஒரு காரணம். இன்னொன்று, முகம் முழுசாகக் கைக்குள் வருவதே இல்லை. இன்று உட்கார்ந்தவரையே நாளைக்கும் உட்கார வைத்தால் வெளிச்சம் வேறு, களைப்பு வேறு, முகமும் வேறு.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இருப்பவர்கள் பக்கத்தில் ஓவிய வகுப்பு இல்லையே என்று தயங்குகிறார்கள். முகம் பழகுவதற்கு வகுப்பைவிட முக்கியமாக வேண்டியது, அரைமணி நேரம் நமக்காக உட்காரச் சம்மதிக்கும் ஓர் ஆள். பால்மரம் (ரப்பர்) வெட்டி ஓய்வுபெற்ற பாட்டிகளும், சந்தையில் காய்கறி விற்கும் அண்ணன்களும், கோயில் மண்டபத்தில் பொழுது போக்கும் தாத்தாக்களும் இங்கே தாராளமாக இருக்கிறார்கள். வெயிலில் பல வருஷம் உழைத்த முகம் வரைவதற்கு அருமையான முகம். எலும்பும் சதையும் எங்கே பிரிகின்றன என்பதை அது ஒளிக்காமல் காட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிடைக்கும் பாடப் புத்தகங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலையும் ஐரோப்பிய வெளிச்சத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. எலும்புக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். நிறம் கலப்பதும் சன்னல் தேர்வதும் இங்கே மாறும். கீழே அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

வாங்க வேண்டியவை

முதல் இரண்டு மாதத்துக்கு வண்ணமே வேண்டாம். எச்.பி., 2பி, 4பி, 6பி பென்சில்கள் ஒவ்வொன்று, மெல்லிய சார்கோல் (கரி) குச்சி ஒரு பெட்டி, களிமண்ணைப் போல் பிசைந்து பயன்படுத்தும் சாம்பல்நிற ரப்பர் ஒன்று, 160 கிராம் தடிமனுள்ள வரைதாள். இவற்றோடு வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறத் தாள் பத்தும் வெள்ளைச் சாக் பென்சில் ஒன்றும் இருக்கட்டும். மாநிற, கறுப்பு முகங்களை நிறத்தாளில் பழகுவது வெள்ளைத் தாளில் பழகுவதைவிடப் பலமடங்கு எளிது. தாளே நடு நிழலாக நின்றுவிடும். இருட்டைச் சார்கோலும் மினுக்கை வெள்ளைச் சாக்கும் பார்த்துக்கொள்ளும்.

வண்ணத்துக்கு வரும்போது முழுப் பெட்டி வாங்காதீர்கள். டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், காட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின் நீலம் என்று ஏழு டியூப் போதும். வெள்ளை மட்டும் பெரிய டியூப். உள்ளூர் எழுதுபொருள் கடையில் 'தோல் நிறம்' என்று ஒரு டியூப் விற்றால் அதைத் தொட வேண்டாம். அந்த இளஞ்சிவப்பு நம் ஆட்கள் யாருடைய தோலிலும் இல்லை.

தூரிகையில் தட்டையான பன்றிமயிர் 10, 6 எண்கள், வட்டமான செயற்கை மயிர் 4, 2 எண்கள். எதை எடுப்பது என்ற சந்தேகம் வந்தால் எப்போதும் ஒரு அளவு பெரியதை எடுங்கள். சின்ன பிரஷ் கையில் வந்ததும் இமைமயிரை எண்ணத் தோன்றும். தயார்செய்த கேன்வாஸ் 40 × 50 செ.மீ. தொடக்கத்துக்குச் சரியான அளவு. பெரியவர்களின் தலை உச்சியிலிருந்து மோவாய் வரை 22 செ.மீ. அளவில் இருக்கும். படத்தில் 18 முதல் 20 செ.மீ. வரை வைத்தால் பார்க்க இயல்பாக வரும். நிஜத்தைவிடப் பெரிதாகப் போனால் முகம் பூதம்போலத் தெரியும்.

எங்கே, எப்போது உட்கார வைப்பது

'வடக்குச் சன்னல் வெளிச்சத்தில் வரை' என்று புத்தகங்கள் சொல்லும். ஐரோப்பாவில் வடக்குச் சன்னலுக்குள் பெரும்பாலும் வெயில் விழாது என்பதால் அந்த விதி. சுங்கை சிப்புட் ஏறக்குறைய 5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் முதல் பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சன்னலில் வெயில் நேரே விழலாம். மற்ற மாதங்களில் தெற்கில் விழும். ஆகவே ஆண்டில் பாதி வடக்கும் பாதி தெற்குமாகச் சன்னலை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே சன்னல்தான் உண்டென்றால் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றை மடிப்பாகக் கட்டித் தொங்கவிடுங்கள். கண்ணைக் கூசும் வெயிலை அது மென்மையான வெளிச்சமாக்கிவிடும்.

காலை எட்டரை முதல் பத்தரை வரை நல்ல நேரம். உச்சிவெயிலில் வெளியே வைத்தால் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். மதியத்துக்குப் பிறகு மழைமேகம் கூடினால் நிழலே இல்லாமல் முகம் தட்டையாகும். வரைந்துகொண்டிருக்கும்போதே வெளிச்சமும் மாறும்.

ஆளைச் சன்னலிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, வெளிச்சம் ஒரு பக்கமாகவும் சற்று மேலிருந்தும் விழும்படி உட்கார வையுங்கள். தலைக்கு மேலே உள்ள குழல்விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு இடத்திலிருந்து வெளிச்சம் வந்தால் மூக்குக்கு இரண்டு நிழல் விழும். புதியவர்களால் அதைச் சமாளிக்க முடியாது. சரியாக அமைந்ததற்கு ஓர் அடையாளம் உண்டு: மூக்கின் நிழல் மேலுதட்டை நோக்கிச் சாய்ந்து இறங்கும், இருண்ட பக்கக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் சின்ன முக்கோணமாக வெளிச்சம் நிற்கும்.

தரையையும் பாருங்கள். பழைய தோட்ட வீடுகளில் சிவப்புச் சிமெண்டுத் தரை இருந்தால் தாடைக்கு அடியில் செம்மை ஏறும். வாசலில் புல்தரைக்கு அருகே உட்கார்ந்தால் அதே இடம் பச்சையடிக்கும். இது உண்மையான நிறம், வரைய வேண்டியதுதான். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வரைந்தால் ஆளுக்கு நோய் வந்ததுபோல் ஆகிவிடும்.

உட்காருபவரிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். "பாட்டி, இருபது நிமிஷம் உட்காருங்க, அப்புறம் எழுந்து நடக்கலாம், டீ குடிக்கலாம். பேசலாம், தலையை மட்டும் திருப்பாம இருந்தா போதும்." இருபது நிமிஷம் உட்காரவும் ஐந்து நிமிஷம் ஓய்வுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும் முன் நாற்காலிக் கால்களையும் பாதங்களையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டுங்கள். பார்வை நிலைக்க எதிர்ச் சுவரில் ஒரு நாள்காட்டியைக் காட்டி, "அதையே பார்த்துக்கிட்டு இருங்க" என்றால் போதும். வயதானவர்களுக்கு முதுகு சாயும் நாற்காலி கட்டாயம். முதுகு தளர்ந்தால் தலை முன்னே இறங்கும். இறங்கியதும் நீங்கள் போட்ட எல்லாக் கோடும் பொய்யாகும். சேலை, தலைமுடி எல்லாம் அவர்கள் விருப்பம். 'அப்படியே இருங்க' என்று அழுக்குச் சட்டையில் உட்காரச் சொல்லாதீர்கள். தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறார் என்பதும் அந்த முகத்தின் பகுதிதான்.

கோடு

கண்ணிலிருந்து தொடங்காதீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்வது இது. ஒரு கண்ணை அழகாக முடித்துவிட்டு அதைக் காப்பாற்றுவதற்காக மற்றதையெல்லாம் தப்பான இடத்தில் வைப்பார்கள்.

முதலில் உச்சிக்கும் மோவாய்க்கும் இரண்டு குறி. பிறகு அகலம். நேராகப் பார்க்கும் தலையின் அகலம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இருக்கும். பிறகு தலையின் சாய்வைக் காட்டும் நடுக்கோடு, நெற்றி நடுவிலிருந்து மோவாய் நடு வரை. யாரும் தலையை முழு நேராக வைத்து உட்காருவதில்லை. அந்த இரண்டு மூன்று பாகைச் சாய்வைக் கண்டுபிடிப்பதிலேயே பாதிச் சாயல் வந்துவிடும்.

இனிக் கணக்கு. கண்களின் கோடு தலை உயரத்தின் சரிபாதியில் வரும். புதியவர்கள் அதை மேலே தூக்கி நெற்றியைக் குறுக்கிவிடுவார்கள். முடியையும் மண்டையையும் உயரத்தில் சேர்க்க மறந்துவிடுவதே காரணம். முடி தொடங்கும் இடம் முதல் புருவம் வரை, புருவம் முதல் மூக்கடி வரை, மூக்கடி முதல் மோவாய் வரை மூன்றும் ஏறக்குறைய சமம். வாய்க்கோடு மூக்கடிக்கும் மோவாய்க்கும் இடையில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் அகலம். காதின் மேல்முனை புருவ மட்டத்தில், கீழ்முனை மூக்கடி மட்டத்தில்.

இது சராசரிக் கணக்கு. முன்னால் இருப்பவர் இதிலிருந்து எங்கே விலகுகிறார் என்பதுதான் அவருடைய முகம். பல் விழுந்த முதியவர்களுக்கு மூக்கடி முதல் மோவாய் வரையுள்ள தூரம் குறைந்திருக்கும். மூக்கு நுனியும் காது மடலும் தொங்கி நீண்டிருக்கும். குழந்தைகளுக்குக் கண்கோடு பாதிக்கும் கீழே இறங்கும். தலை குனிந்திருந்தால் காது கண் மட்டத்துக்கு மேலே போகும். நிமிர்ந்திருந்தால் கீழே வரும்.

அளக்க ஒரு நேரான குச்சி போதும். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, குச்சியில் கட்டைவிரலால் அளவெடுங்கள். கை மடங்கினால் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். அதே குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து, மூக்குத் துவாரத்தின் ஓரத்துக்கு நேர் மேலே கண்ணின் எந்த இடம் வருகிறது, வாய்க்கோடிக்கு மேலே கருவிழி வருகிறதா என்று பாருங்கள். நீளத்தை அளப்பதைவிட இப்படி எதற்கு நேரே எது என்று பார்ப்பது நம்பகமானது.

முக்கால் பக்கமாகத் திரும்பிய முகத்தில் அதிகம் கெடுவது தூரத்துக் கண். அது குறுகியிருக்கும், மூக்கின் பாலம் அதன் உள்மூலையை மறைக்கவும் செய்யலாம். இரண்டு கண்ணும் ஒரே அகலம் என்று மனம் சொல்லும். கண் பார்ப்பதை நம்புங்கள்.

இந்தக் கட்டம் இருபது நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லாக் கோடும் மெல்லிசாக, அழிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

நிழல்

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரம் மறைந்து முகம் இரண்டாகப் பிரியும்: வெளிச்சம் பட்ட இடம், படாத இடம். இந்த எல்லையைக் கோடாக வரைந்து, நிழல் பக்கம் முழுவதையும் சார்கோலால் ஒரே தொனியில், அதாவது ஒரே அளவு இருட்டில், நிரப்புங்கள். கண்குழி, மூக்கின் பக்கச்சுவர், மேலுதடு, மோவாயின் அடி, கழுத்து எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நிழல் வடிவமாகலாம். தனித்தனியாகப் பிரிக்கத் துடிக்காதீர்கள். அந்த வடிவம் சரியாக இருந்தால், கண்ணில் ஒரு விவரமும் போடாமலே ஊரார் ஆளை அடையாளம் சொல்லிவிடுவார்கள். சொல்லவில்லை என்றால் கண்ணை எவ்வளவு மினுக்கினாலும் பயனில்லை, வடிவத்துக்குத் திரும்புங்கள்.

கறுத்த தோலில் கவனிக்க வேண்டியது ஒன்று. வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 9 என்று ஒன்பது படி வைத்துக்கொண்டால், நல்ல மாநிறமான ஒருவரின் வெளிச்சப் பக்கமே 5, 6 அளவில் இருக்கும், நிழல் 8, நெற்றி, கன்ன எலும்பு, மூக்கு நுனியின் மினுக்கு மட்டும் சட்டென்று 2, 3 வரை ஏறும். வெளிச்சம் என்றதும் புதியவர்கள் கை 3-க்குப் போய்விடும்; ஆள் வெளுத்து வேறு ஆளாகிவிடுவார். இதைத் தடுக்க எளிய வழி, வெள்ளைச் சட்டையையோ தோளில் கிடக்கும் துண்டையோ முதலில் போடுவது. உண்மையான 1, 2 படிகள் அங்கே நின்றால், முகத்தை அதோடு ஒப்பிட்டு வைக்கலாம். வெள்ளைக் கேன்வாஸும் இதே தவறுக்குத் தள்ளும். நீர்க்கக் கரைத்த பர்ன்ட் அம்பரைத் துணியால் தேய்த்து முழுவதும் பழுப்பாக்கி, காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

தோலின் நிறம் கலப்பது

பழுப்பு டியூப்பில் வெள்ளை சேர்த்தால் வெளிச்சம், கறுப்பு சேர்த்தால் நிழல். இப்படிச் செய்த முகங்கள் உடனே தெரியும்: வெளிச்சப் பக்கம் சாம்பல் பூத்திருக்கும், நிழல் பக்கம் கரி அப்பியிருக்கும். வெள்ளை, நிறத்தை வெளிறச் செய்வதோடு குளிரவும் வைக்கிறது, அதாவது நீலத்தின் பக்கம் சாய வைக்கிறது. அதனால்தான் பழுப்பு சாம்பலாகிறது.

உட்காருபவர் வரும் முன்பே ஐந்து குவியல் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் அளவு தோராயமானது. ஒவ்வொரு நிறுவனத்தின் வண்ணமும் ஒவ்வொரு வீரியம்.

நடு நிறம்: பர்ன்ட் சியன்னா இரண்டு பங்கு, யெல்லோ ஓக்கர் ஒரு பங்கு, அல்ட்ராமரின் கால் பங்கில் தொடங்கி அரைப் பங்கு வரை. நீலத்தைக் கத்தி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரேயடியாகச் சேர்த்தால் சாம்பலாகும்.

நிழல்: பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும் சமமாக, அதில் அலிசரின் ஒரு துளி. இதில் வெள்ளை கூடவே கூடாது. நிழலில் வெள்ளை விழுந்தால் ஆழம் போய்த் தூசி படிந்ததுபோல் ஆகும். இந்தக் கலவையை மெல்லிசாகப் பூசினால் அடித்தளத்தின் பழுப்பு ஊடுருவித் தெரிந்து நிழலுக்கு உயிர் கொடுக்கும்.

வெளிச்சம்: நடு நிறத்தோடு ஓக்கர் இன்னொரு பங்கு, காட்மியம் சிவப்பு ஒரு துளி, கடைசியாகத் தேவைக்கு மட்டும் வெள்ளை. வெள்ளை சேர்ந்து சாம்பலடித்தால் ஓக்கரும் சிவப்பும் கொஞ்சம் கூட்டி மீட்டெடுங்கள்.

மினுக்கு: வெளிச்சக் கலவையில் வெள்ளை தாராளமாக, சன்னலில் நீல வானம் தெரிந்தால் அல்ட்ராமரின் ஊசிமுனையளவு. கறுத்த தோலின் மினுக்கு வெளிச்சத்தின் நிறத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறது. அதனால் அது குளிர்ந்து நீலமாகவே தெரியும். சின்னதாக, விளிம்பு தெளிவாக, ஒரே தொடுகையில் வையுங்கள். தேய்க்கக் கூடாது.

ஐந்தாவது, எதிரொளி: தாடைக்கு அடியிலும் நிழல் பக்கக் கன்ன ஓரத்திலும் வருவது. சிவப்புத் தரை என்றால் பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும்; புல்தரை என்றால் ஓக்கரில் அல்ட்ராமரின். இது எவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தாலும் வெளிச்சப் பக்கத்தைவிட இருட்டாகவே இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் முகத்தின் உருட்சி உடைந்துவிடும்.

கலந்ததைக் கத்தி முனையில் எடுத்து, ஆள் முகம் இருக்கும் அதே வெளிச்சத்தில் கன்னத்தின் பக்கத்தில் நீட்டிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடினால் இரண்டும் ஒரே தளத்தில் தெரியும். கூடுதலா குறைவா என்று உடனே விளங்கும்.

ஒரே முகத்தில் நிறம் ஒன்றாக இருக்காது. நம்மவர்களுக்கு நெற்றியின் இரு ஓரம், கண்ணைச் சுற்றிய இடம், வாயோரம் ஆகியவை கன்னத்தைவிடக் கறுத்திருப்பது வழக்கம். மூக்கிலும் கன்னத்திலும் காதிலும் இரத்தச் செம்மை. சவரம் செய்த ஆணின் தாடையில் சாம்பல் நீலம். தோட்டத்தில் தலைத்துண்டு கட்டி வேலைசெய்தவர்களுக்கு நெற்றியின் மேல்பகுதி வெளுத்து, கீழே கறுத்து, நடுவே ஒரு கோடே விழுந்திருக்கும். அழகுபடுத்துவதாக நினைத்து அந்தக் கோட்டை மழுப்பிவிடாதீர்கள்.

நிறக் கலவை தலைசுற்ற வைத்தால் ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் நான்கு நிறத் தட்டை முதலில் பழகுங்கள்: வெள்ளை, யெல்லோ ஓக்கர், சிவப்பு, ஐவரி கறுப்பு. இதில் கறுப்பே நீலத்தின் வேலையைச் செய்யும். கறுப்பும் ஓக்கரும் சேர்ந்தால் பச்சையடிக்கும்; சிவப்பால் அடக்க வேண்டும். இரண்டு மூன்று முகம் இப்படிப் போட்ட பிறகு ஏழு நிறத்துக்கு வந்தால் பயம் இருக்காது.

எண்ணெயா, அக்ரிலிக்கா?

அக்ரிலிக் நீரில் கரைத்துப் பூசும் வண்ணம். மெல்லிசாகப் பூசினால் பத்து இருபது நிமிஷத்தில் காய்ந்துவிடும். மின்விசிறி ஓடினால் இன்னும் சீக்கிரம். முகத்தில் நிழலை வெளிச்சத்துக்குள் இழைப்பதற்கு இந்த வேகம் இடைஞ்சல். மூடியுள்ள தட்டையான டப்பாவில் ஈரப் பஞ்சோ நனைத்த துணியோ விரித்து, அதன் மேல் கேக் சுடும் தாளைப் போட்டு அதில் கலந்தால் ஒரு நாள்கூட ஈரம் நிற்கும். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி இருளும். ஏற்கெனவே கறுத்த தோலில் இது நிறையவே தெரியும், அதற்குத் தக்கபடி கொஞ்சம் வெளிறக் கலக்க வேண்டும்.

எண்ணெய் வண்ணம் நீர் வற்றிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அம்பர் ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும். அலிசரினும் ஐவரி கறுப்பும் ஒரு வாரமும் அதற்கு மேலும் இழுக்கும். மழைக்காலத்தில் எல்லாமே தாமதம். ஆகவே கீழ்ப்பூச்சை அம்பரில், வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் கூடிய மெல்லிய பூச்சாகவும், மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் கூடியதாகவும் வையுங்கள். மாற்றிச் செய்தால் கீழே உள்ளது நகர, மேலே உள்ளது வெடிக்கும். அக்ரிலிக்கில் முதல் பூச்சுப் போட்டு மேலே எண்ணெயில் முடிப்பது நல்ல முறை. எண்ணெயின் மேல் அக்ரிலிக் மட்டும் ஒருபோதும் கூடாது, உரிந்து வரும்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பற்றும். வெளியே கொடியில் பிரித்துப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகரத்தில் மூடி வையுங்கள். டர்பன்டைன் திறந்திருக்கும் அறையில் சன்னலும் திறந்திருக்கட்டும், சாமி விளக்கு எரியக் கூடாது.

கண், மூக்கு, வாய், பொட்டு

கண்ணின் வெள்ளை வெள்ளையல்ல. மேல் இமையின் நிழல் அதன் மேல் விழுகிறது. முதியவர்களுக்கு மஞ்சளோடிய சாம்பல். நடு நிறத்தில் கொஞ்சம் வெள்ளையும் நீலமும் சேர்த்தால் கிடைக்கும். கருவிழியின் மேல்பகுதியை இமை மறைத்திருக்கும். முழு வட்டமாகப் போட்டால் ஆள் திடுக்கிட்டதுபோல் ஆகும். ஒளிப்புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம், கடைசியாக.

மூக்கைக் கோடாக வரையாதீர்கள். அடிப்பக்கத்து நிழலும் நுனி மினுக்கும் சேர்ந்தால் மூக்கு எழுந்து நிற்கும். துவாரத்துக்குக் கறுப்பு வேண்டாம், அம்பரில் அலிசரின். உதட்டுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் நம்மவர்களிடம் தொனி வேறுபாடு மிகக் குறைவு. மேலுதடு இருண்டும் கீழுதடு சற்று வெளிறியும் இருக்கும். வெற்றிலை போடும் பாட்டியின் கீழுதட்டில் உள்ள சிவப்பு, விளிம்பில் இல்லை, உள்வரம்பில் இருக்கிறது. சிரித்தால் பல்லைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே பட்டையாக வையுங்கள்.

சுருக்கங்களைக் கத்தியால் கீறியதுபோலப் போட்டால் முகம் இருபது வயது கூடிவிடும். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு சின்ன மடிப்பு. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். பெரிய இரண்டு மூன்றை மட்டும் மடிப்பாக வரைந்து, மற்றதைத் தொனியில் கரைத்துவிடுங்கள்.

திருநீறும் பொட்டும் மூக்குத்தியும் கடைசி வேலை. திருநீற்றுப் பட்டைகள் நெற்றியின் வளைவோடு வளைய வேண்டும். நிழல் பக்கம் போனதும் அவையும் நிழலுக்குள் போகும், அங்கே சாம்பல் பழுப்புத்தான். முக்கால் பக்கமாகத் திரும்பிய முகத்தில் வட்டப் பொட்டு நீள்வட்டமாகும். முழு வட்டமாகவும் ஒரே வெள்ளையாகவும் போட்டால், முகத்தின் மேல் காகிதம் வெட்டி ஒட்டினதுபோல் தெரியும்.

எண்ணெய் தடவி வாரிய முடியை இழை இழையாகப் பிரிக்காமல் ஒரே திரளாகப் போட்டு, வளைவின் உச்சியில் ஒரு மினுக்குப் பட்டை வையுங்கள். நரைத்த முடியும் வெள்ளை அல்ல.

இறந்தவரின் படம் கேட்டு வந்தால்

முகம் வரைபவர் ஊரில் இருக்கிறார் என்று தெரிந்ததும் வரும் முதல் வேலை இதுதான்: பழைய அடையாள அட்டைப் படத்தையோ கல்யாணக் கூட்டத்தில் மங்கலாக நிற்கும் படத்தையோ கொண்டுவந்து, "அம்மாவ பெருசா வரைஞ்சு குடுங்க" என்பார்கள்.

அசல் படத்தின் மேல் கோடு போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, போனை மட்டமாகப் பிடித்துப் படமெடுத்து அச்செடுங்கள். 35 × 50 மி.மீ. கடவுச்சீட்டுப் படம் என்றால் அந்த அச்சை ஐந்து மி.மீ. கட்டங்களாகக் கணக்கிட்டால் குறுக்கே 7, நெடுக்கே 10. ஆறு மடங்கு பெரிதாக்க, தாளில் 30 மி.மீ. கட்டங்கள் போடுங்கள், 21 × 30 செ.மீ. வரும், கிட்டத்தட்ட ஏ4 அளவு.

இத்தகைய படங்கள் பெரும்பாலும் நேர் எதிரே அடித்த ஃபிளாஷில் எடுத்தவை. நிழல் எரிந்துபோயிருக்கும், மூக்குக்கு எழுச்சி இருக்காது. மகளோ பேரனோ அதே எலும்புவாகில் இருந்தால் அவரைச் சன்னலோரம் உட்கார வைத்து, நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்டு அதைப் படத்தில் பயன்படுத்தலாம். அளவுகளை இறந்தவரின் படத்திலிருந்தே எடுங்கள். பேரனிடமிருந்து வெளிச்சத்தை மட்டும். தோலின் நிறத்தையும் மங்கிய அச்சை நம்பி முடிவு செய்யாமல் வீட்டாரிடம் கேளுங்கள்: "உங்க வீட்ல யார் கலர் மாதிரி இருப்பாங்க?"

உயிரோடு இருப்பவரைப் போனில் எடுத்து வரைவதானால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கைநீட்டும் தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கு பெருத்துக் காது பின்னே ஒளியும். அழகாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது தோலோடு எலும்பையும் மழித்துவிடும்.

சாயல் வரவில்லை என்றால்

கண்ணைத் திருத்தத் தொடங்காதீர்கள். படத்தைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது தலைகீழாகத் திருப்புங்கள். கோணல் உடனே தெரியும். பிறகு இந்த வரிசையில் சோதியுங்கள்: தலையின் சாய்வு, தலையின் அகலம், கண்கோட்டின் உயரம், மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் இடைத்தூரம், தாடையின் வெளிக்கோடு. கடைசி இரண்டில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர் கூடினால் வயதும் குணமும் மாறிவிடும். தப்பைக் கண்டால் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஈர வண்ணத்தின் மேல் திருத்திக்கொண்டே போனால் சேறாகும்.

மூன்று மீட்டர் பின்னால் போய் அடிக்கடி பாருங்கள். வீடு சின்னதென்றால் வாசலுக்கு எடுத்துப் போய் அங்கிருந்து பாருங்கள்.

கோலாலம்பூர் போக வாய்த்தால் ஜாலான் தெமர்லோவில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்குப் போங்கள். ஜாவாவில் பிறந்து மலாயாவில் முகச்சித்திரத்துக்குப் பெயர்பெற்ற ஹுசைன் இனாஸின் (1924–1995) படம் ஏதேனும் காட்சியில் இருந்தால் அதன் முன் நில்லுங்கள். மாநிறத் தோலை அவர் எத்தனை குறைந்த நிறங்களில் முடித்திருக்கிறார், விளிம்புகளை எங்கே விட்டுவிட்டார் என்று பார்க்கலாம். வீடுகளில் தொங்கும் ராஜா ரவி வர்மாவின் (1848–1906) அச்சுப் படங்களை நகலெடுத்துப் பழகுவோரும் உண்டு, நல்லதுதான். அச்சு நிறம் மங்கி மாறியிருக்கும் என்பதால் நிழலை மட்டும் நகலெடுங்கள்.

முடித்த பிறகு

எண்ணெய்ப் படத்துக்கு வார்னிஷ் ஆறு மாதம் கழித்து. அதற்கு முன் பூசினால் உள்ளே காயாத வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஈரத்தில் பூசணம் கேன்வாஸின் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்கும்; சட்டத்தின் கீழ் இரு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே ஒரு செ.மீ. காற்றோட்டம் விடுங்கள். குளியலறைச் சுவர், அடுப்படிச் சுவர் இரண்டிலும் மாட்ட வேண்டாம். தாளில் வரைந்தவற்றைத் தகரப் பெட்டியில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

பின்பக்கம் பென்சிலில் வரையப்பட்டவரின் பெயர், தேதி, உங்கள் பெயர். உட்கார்ந்தவருக்குப் படத்தின் பிரதி ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள்.

பூசையறையில் மாட்டப்போகிறார்கள் என்றால் தனி ஏற்பாடு தேவை. மாலையின் ஈரமும் ஊதுவத்திப் புகையும் வார்னிஷில் படியும். சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள், அந்தக் கறை வண்ணத்திலிருந்து போகாது. அப்படிப்பட்ட படத்துக்கு மட்டும் கண்ணாடி போடச் சொல்லுங்கள். கண்ணாடி வண்ணத்தைத் தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது முகத்தையே உரித்து எடுக்கும். சட்டம் அடிப்பவரிடம் உள்விளிம்பில் சுற்றிலும் ஐந்து மி.மீ. மரச்சக்கை வைக்கச் சொல்லி, மாலை மாட்டும் ஆணியைப் படத்தின் சட்டத்தில் அடிக்காமல் மேலே சுவரில் தனியாக அடிக்கச் சொல்லுங்கள்.